பவளம் வாய் திறக்கவில்லை

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் குறையில்லாமல் இருக்கிறோம். எஞ்சின் அறைச் சூட்டில் உன் கழுத்தெல்லாம் கொப்புளம் என்றாயே, ஆறிவிட்டதா? களிம்பு பூசாமல் சொறிந்துகொண்டிருப்பாய், எனக்குத் தெரியும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் கப்பலுக்குப் போன் கிடைக்கும் நேரத்தில் நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருப்பேன். வீட்டிலிருந்து பேசலாம் என்றால் இருப்பதே இரண்டு அறை. நான் பெருமூச்சு விட்டால்கூட அத்தான் காதில் விழும். ஏஜென்ட் ஆபீசுக்கு எழுதினால் அடுத்த துறைமுகத்தில் உனக்குக் கிடைத்துவிடும் என்று சொல்லியிருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் உன் கடல்நீர் மீன் தொட்டிதான். பவளங்கள் வாயைத் திறக்க மாட்டேன் என்கின்றன. முதலில் அந்தப் பெரிய தோல் பவளம், காளான் மாதிரி இருக்குமே, அது. தலை முழுக்க நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் குட்டி மொட்டுகளை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு மொட்டைத் தலையாக நிற்கிறது. இந்த வாரம் பொத்தான் பவளங்களும் மூடிக்கொண்டன. மீன்கள் இரண்டுக்கும் ஒரு குறையும் இல்லை. வேளைக்கு வந்து வாயைத் திறக்கின்றன.

அத்தான் நாற்காலியைத் தொட்டி ஓரமாகவே போட்டுக்கொண்டு விட்டார். பகலெல்லாம் அங்கேதான். "உன் தம்பி போனதிலேர்ந்து இதுங்களுக்கும் நம்ம மூஞ்சி அலுத்துப் போச்சு போல" என்கிறார்.

நீ அனுப்பிய மருந்தைக் காலையும் மாலையும் நானே கையில் கொடுத்து, வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். முதல் மாதம் வாந்தியாக எடுத்தார். இப்போது நின்றுவிட்டது. உடம்பு பழகிவிட்டது போலிருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

கொப்புளம் ஆறிவிட்டது, அந்த இடத்தில் புதிதாக இரண்டு வந்திருக்கின்றன. மற்றபடி குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன். அத்தானுக்கு வாந்தி நின்றது என்று படித்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. கல்லீரலில் கட்டி வந்தவர்களுக்கு இந்த மஞ்சள் மாத்திரை நன்றாக வேலை செய்வதாக இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். அடுத்த துறைமுகத்தில் இன்னும் இரண்டு பெட்டி வாங்கி அனுப்புகிறேன். ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது.

தோல் பவளம் மூடியதற்குப் பயப்படாதே. அது அவ்வப்போது பாம்பு மாதிரி சட்டை உரிக்கும். மேலே மெழுகு போல ஒரு படலம் வரும். பம்பின் மூக்கைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பிவிடு, படலம் அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் பொத்தான்களும் மூடியது எனக்குப் பிடிக்கவில்லை. உப்பைப் பார். குறைந்த தண்ணீரை ஈடுகட்ட உப்புத் தண்ணீரையா ஊற்றுகிறாய்? நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். காற்றில் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

அதுவும் சரியாக இருந்தால், ஹீட்டரில் விரிசல் விட்டுத் தண்ணீருக்குள் மின்சாரம் கசிகிறதோ என்னவோ. அத்தானிடம் அவருடைய மீட்டரைக் கொடுத்துப் பார்க்கச் சொல். காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு இது ஒரு வேலையா? அவருக்கும் பொழுது போகும்.

இங்கே இரும்புத் தாது ஏற்றுகிறார்கள். கப்பல் முழுக்கச் செம்மண் நிறத்தில் தூசி. மே மாதம் ஒப்பந்தம் முடிகிறது, பார்க்கலாம்.

உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இருவரும் இருக்கிறோம். நீ சௌக்கியம்தானே?

உப்பு கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. நீ சொன்னபடி மெதுவாக இறக்கினேன். பம்பையும் திருப்பினேன். படலமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பச்சையாகப் புல்வெளி மாதிரி ஆடிக்கொண்டிருக்குமே, அந்த நட்சத்திரப் பவளமும் மூடிவிட்டது. இப்போது அது ஊதா நிறத்தில் ஒரு பழைய பாய் மாதிரி பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அத்தானிடம் மீட்டரைக் கொடுத்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், வேலைக்குப் போகிறவர் மாதிரி.

"இந்த ஒயரைப் பிடி. தண்ணியில கைய வெக்காத."

"கரண்ட் இருந்தா?"

"இருந்தா நீ மேல போவ. மேல அனுப்பறதும் கீழ இறக்கறதும்தானே நம்ம தொழில்."

கை நடுங்கியதால் முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு கருவியாக அணைத்து, போட்டு, மறுபடி அணைத்து, ஒன்றையும் விடாமல் பார்த்தார். கடைசியில், "கரண்டெல்லாம் ஒண்ணும் இல்லன்னு எழுது" என்றார். அப்படியே நாற்காலியில் தூங்கிவிட்டார். மீட்டர் மடியிலேயே இருந்தது.

டாக்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னார். அத்தான் பெல்ட்டில் இன்னும் இரண்டு ஓட்டை போட்டேன், அவ்வளவுதான்.

மே மாதம் என்று எழுதியிருந்தாய். தேதி தெரிந்தால் சொல். உன் கட்டிலில் துணி மூட்டைகளைப் போட்டு வைத்திருக்கிறேன், எடுத்துவிட வேண்டும்.

அக்கா

*

மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன், ஆனால் தூக்கம் சரியில்லை. அத்தானுக்குப் பசி எடுக்கிறதா? இன்னும் இரண்டு பெட்டி மருந்து அனுப்பியிருக்கிறேன். இதை வாங்க ஒரு முழுநாள் ஊர் சுற்றினேன். வெயில் படாமல் வை.

எனக்கு மாற்றாக வரவேண்டிய ஆள் வரவில்லை. சீஃப் எஞ்சினியர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆகஸ்ட் வரைக்கும் இருந்துடுப்பா" என்றார். முகத்தை முறிக்க முடியவில்லை. ஒத்துக்கொண்டேன். மூட்டைகள் கட்டிலிலேயே இருக்கட்டும்.

தொட்டியைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். உப்பு சரி, மின்சாரம் இல்லை, மீன் கடித்தால் ஒன்றிரண்டுதான் மூடும், எல்லாம் மூடாது. அக்கா, தண்ணீருக்குள் என்னவோ விழுகிறது. பவளத்துக்கு மீனைப் போலச் செதில் கிடையாது. திறந்த வாயும் வயிறும்தான் அதன் உடம்பு. தண்ணீரில் வேண்டாதது கலந்தால் வாயை மூடிக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு வழி தெரியாது. கொசு மருந்து அடிக்கிறாயா? சோப்புக் கையைத் தண்ணீரில் விடுகிறாயா? ஸ்டாண்டிலிருந்து ஏதாவது ஆணி உள்ளே விழுந்து துருப்பிடிக்கிறதா?

ஒன்று செய். பின் பாறைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கை போகாத ஒரு சந்து இருக்கிறது. எது விழுந்தாலும் அங்கேதான் போய்ச் சேரும். குழாயைப் போட்டு அந்த மணலை உறிஞ்சி எடு. தண்ணீரில் கால்பாகம் மாற்று. ஸ்டாண்டுக்குக் கீழே டப்பாவில் கரி இருக்கிறது, அதைத் துணிப்பையில் கட்டி பம்புக்கு முன்னால் தொங்கவிடு. வேண்டாததை எல்லாம் அது இழுத்துக்கொள்ளும். என்ன கிடைத்தது என்று எழுது.

தம்பி

*

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ நன்றாக இருக்க வேண்டும்.

நீ சொன்னபடி மணலை உறிஞ்சினேன். தண்ணீர் மாற்றினேன். கரி கட்டினேன். அடுத்த வாரமே பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்று காலை தோல் பவளமும் மொட்டுகளை நீட்டிவிட்டது. பின்னால் இருந்தது ஏதோ குப்பை.

அத்தான் நேற்று நன்றாகச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மருந்து இனி அனுப்ப வேண்டாம். இருப்பு நிறைய இருக்கிறது.

கடைக்கு நேரமாகிவிட்டது.

அக்கா

*

ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்தாயா! நான் சொன்னேனா இல்லையா! கடிதத்தை எடுத்துக்கொண்டு சமையற்காரரிடம் ஓடினேன். அவருக்குப் பவளமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஆனாலும் எனக்காகக் கூடுதலாக ஒரு கப் டீ கொடுத்தார். கடலில் மிதந்துகொண்டே வீட்டுக்குள் இருக்கும் கடலைச் சரிசெய்த டாக்டர் என்று இப்போது எல்லாரும் என்னை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஏதோ குப்பை என்றால் எப்படி? என்ன குப்பை? தெரிந்தால்தானே மறுபடி விழாமல் பார்க்கலாம்.

அத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்றால் மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம். இந்த நேரத்தில் போய் வேண்டாம் என்கிறாயே! இன்னும் இரண்டு பெட்டி அனுப்பிவிட்டேன். கப்பல் சுற்றிக்கொண்டு போகிறது. நவம்பர் வரை இருக்கச் சொல்கிறார்கள். அவர்தான் தேறி வருகிறாரே என்று சரி சொல்லிவிட்டேன்.

அத்தானிடம் சொல், நவம்பரில் நானும் அவரும் தொட்டிக்கு விளக்கு மாற்றுகிறோம்.

தம்பி

*

செப்டம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

ஏஜென்ட் ஆபீஸ் மூலம் உனக்குச் செய்தி வந்திருக்கும். உடைந்துபோய்விடாதே. சாப்பிட்டாயா?

அத்தான் ஆகஸ்ட் கடைசியில் போனார். அதற்கு முந்தைய வாரம் நினைவு தவறத் தொடங்கியதும் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பக்கத்திலேயே இருந்தேன். கஷ்டப்படவில்லை. கடைசியில் என் பெயரைச் சொல்லவில்லை, யார் பெயரையும் சொல்லவில்லை. 'ரெண்டாவது மாடி, ரெண்டாவது மாடி' என்று இரண்டு தரம் சொன்னார். எல்லாம் முடிந்துவிட்டது. அவரோடு வேலை பார்த்தவர்கள் வந்து கூட இருந்தார்கள்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வீட்டில் ஃபியூஸ் போயிருக்கிறது. பார்க்க ஆளில்லை. பம்பு நின்று தொட்டி கெட்டுவிட்டது. திரும்பி வந்தபோது மாடிப்படியிலேயே நாற்றம் அடித்தது. பவளங்கள் கரைந்து வெள்ளைச் சளியாகத் தொங்கின. மீன்களைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. மன்னித்துக்கொள், அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

நீ மே மாதமும் ஜூலையிலும் அனுப்பிய பெட்டிகள் பிரிக்காமலே இருந்தன. ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டேன், யாருக்காவது ஆகட்டும்.

அக்கா

*

செப்டம்பர் 29

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வேண்டும். கேட்கிறேன். ஆனால் வேறொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

மே மாதம் அனுப்பியதையே பிரிக்கவில்லையா? அப்படியானால் அவருக்கு நீ என்ன கொடுத்துக்கொண்டிருந்தாய்? ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது என்று எத்தனை தரம் எழுதினேன்! தெரியாத ஊரில் மழையில் நனைந்துகொண்டு மருந்துக் கடை மருந்துக் கடையாக நின்றேனே, எதற்கு?

மணலில் இருந்தது என்ன குப்பை? நீ இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்.

தம்பி

*

அக்டோபர் 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் இருக்கிறேன். கடைக்குப் போகிறேன், வருகிறேன். நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

குழாயில் முதலில் மணல் வந்தது. பிறகு வாளியில் மஞ்சளாகக் கூழ் மாதிரி மிதந்தது. பாதி கரைந்த மாத்திரை உறைகள். அந்த மஞ்சள் எனக்குத் தெரியாதா? குழாயைப் பிடித்தபடியே திரும்பினேன். அத்தான் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்துட்டியா" என்றார்.

"எவ்வளவு நாளா?"

"ஒரு மாசம் ஒழுங்காத்தான் முழுங்கினேன். கொடல் வாய் வழியா வந்துரும் போல இருந்துச்சு. நீயோ கையில குடுத்துட்டுக் கண்ணு கொட்டாம நிக்கிற. நாக்குக்கு அடியில அடக்கிக்குவேன். நீ அந்தப் பக்கம் போனதும் இங்க போட்டுருவேன்."

"அன்னைக்கு மீட்டர் வெச்சு அந்தப் பார்வை பார்த்தீங்களே!"

"கரண்ட் இருக்கான்னுதானே கேட்டான். இல்லன்னுதானே சொன்னேன்." சிரித்தார். பிறகு அவர் கண் தொட்டிப் பக்கம் போனது. "இதுங்க மூடிக்கிட்டது என்னாலன்னு மொதல்ல எனக்குத் தெரியல. தெரிஞ்சதும் ஜன்னல் வழியா எறியலாம்னு பார்த்தேன். ஜன்னல் வரைக்கும் நடக்க முடியல."

நான் கத்தினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரை நோக்கி அப்படிக் கத்தியதில்லை. கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள்.

அவள் போனதும் அவர் சொன்னார்: "டாக்டர் என்ன சொன்னாருன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் தம்பிக்கு மட்டும்தான் தெரியாது. பாவம், எங்கெங்கியோ அலைஞ்சு அனுப்பறான். வேணாம்னு எப்படிச் சொல்றது? இருக்கற வரைக்கும் வாந்தி எடுக்காம நாலு வாய் சாப்பிட்டுட்டுப் போறேன், விடு."

விடவில்லை. அன்று மாலையும் கொடுத்தேன். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். எனக்காக முழுங்கினார். அந்த வாரம் முழுக்க முழுங்கினார். முழுங்கியதை எல்லாம் வாந்தியாக எடுத்தார். நான் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு நின்றேன். ஒருநாள் காலை மாத்திரையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டேன். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த மருந்து அவருக்கு இன்னும் ஒரு மாதம் கொடுத்திருக்கலாம். இரண்டு மாதமும் கொடுத்திருக்கலாம். டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

உனக்கு எழுத உட்கார்ந்தபோது 'குப்பை' என்றுதான் கை எழுதியது. அந்தப் பெட்டிகளை வாங்கி அனுப்புவதுதான் உனக்குப் பிடிமானமாக இருந்தது. அனுப்பிக்கொண்டே இருந்தால் வர வேண்டியதில்லை, இல்லையா? இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகத்தான் சொல்கிறேன். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

அக்கா

*

டிசம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியிலிருந்து எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நேரில் வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். வந்தேன். போன வாரம் நம் தெருவரைக்கும் வந்தேன். எதிர்வரிசையில் பூட்டிய கடை ஒன்றின் ஷட்டர் ஓரமாக நின்றேன். நீயும் பழைய சாமான்காரரும் தொட்டியைப் படியில் இறக்கிக்கொண்டிருந்தீர்கள். நீ பின்பக்கம் பிடித்திருந்தாய். ஓடிவந்து ஒரு கை கொடுக்க வேண்டிய நேரம் அது. சாலையைக் கடக்கக் காலை எடுத்து வைத்தேன். கால் போகவில்லை. மேலே வந்தால் அந்த நாற்காலி இருக்கும். கடிதத்தில் படிக்கும்போது அவர் எங்கேயோ இருக்கிற மாதிரியே இருக்கிறது, அக்கா. வண்டி நகர்ந்ததும் நானும் நகர்ந்துவிட்டேன்.

இன்னொன்று. என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும் என்று அத்தான் நினைத்துக்கொண்டு போனார். கப்பல் ஏறுவதற்கு முன்பே நான் டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். எவ்வளவு காலம் என்று கேட்டேன். சொன்னார். மருந்து வாங்கி அனுப்பட்டுமா என்றேன். "உங்க திருப்திக்கு அனுப்புங்க" என்றார். அன்று மாலையே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நீ செய்தது சரியா தப்பா என்று கேட்க எனக்கு வாயில்லை. மாற்று ஆள் வரவில்லை என்று எழுதியதும் பொய். மே மாதமே வந்துவிட்டான். நானாகக் கேட்டுத்தான் ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டேன்.

நாளை வேறு கப்பலில் ஏறுகிறேன். ஒன்பது மாதம்.

தம்பி

*

டிசம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்த முறை கேட்கவில்லை. பார்த்தேன். இளைத்திருக்கிறாய்.

தொட்டியை வண்டியில் ஏற்றும்போதே பார்த்துவிட்டேன். சாமான்காரர்கூட, "யாரும்மா அது? அப்பலேர்ந்து உங்களையே பாத்துக்கிட்டு நிக்கறாரு" என்றார். "தெரியாது" என்றேன்.

வாயிலிருந்து அப்படி வந்துவிட்டது. மேலே போய்க் கதவைச் சும்மா சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து நின்றேன். மேல்வீட்டுக்கு ஏதோ பையைத் தூக்கிக்கொண்டு யாரோ போனார்கள். கீழ்வீட்டுக்காரி போனாள். இருட்டிய பிறகு தாழ்ப்பாள் போட்டேன்.

நீ சொன்னதைப் படித்தேன். நீயும் நானும் ஒருவரை ஒருவர் ஏமாற்றினோம், அவர் நம் இருவரையும் ஏமாற்றினார். அவராவது அதைச் சிரித்துக்கொண்டு செய்தார்.

உன் கட்டிலில் இருந்த மூட்டைகளை எடுத்துவிட்டேன். ஒன்பது மாதம் கழித்தோ, எப்போதோ, வந்தால் மணியை அழுத்திவிட்டு நிற்காதே. அது வேலை செய்யவில்லை, சரிசெய்ய ஆளில்லை. கதவைத் தட்டு. கொஞ்சம் பலமாகவே தட்டு.

அக்கா